பூனை எழுந்துபோன இடம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

வேண்டாம், வார்னிஷ் மட்டும் வேண்டாம். பார்க்கப் பளபளவென்று இருக்கும். தொட்டால் கண்ணாடி. கட்டிலின் தலைப்பலகை என்கிறாய். தினமும் உன் தலை சாயப்போகிற இடம். அங்கே மரம் மரமாகவே இருக்கட்டும்.

ஆளிவிதை எண்ணெய் வாங்கு. பழைய துணியில் கொஞ்சமாகத் தொட்டு, ரேகை ஓடுகிற திசையில் தேய். ஒரு டீ குடித்துவிட்டு வா. மரம் குடித்தது போக மிச்சம் மேலே நிற்கும். அதைத் துடைத்துவிடு. மறுநாள் மறுபடியும். ஆசைப்பட்டு ஒரேயடியாக அப்பினால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும்.

நான் சௌக்கியம். ஆய்வேடு அப்படியே கிடக்கிறது, அதுவும் சௌக்கியம்தான். நீ எப்படி இருக்கிறாய்? சளி போனதா? போனில் கேட்டால் அம்மா நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். மரப் பேச்சைக் கடிதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னது நல்ல யோசனை. போனில் மரச்சீவல் அனுப்ப முடியாது.

இத்துடன் ஒன்று வைத்திருக்கிறேன். என் இழைப்புளி இதுவரை எடுத்ததில் மெல்லியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

புதுக் கட்டில் எதற்காம் என்று அம்மா கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். உன்னிடமும் கேட்கவில்லை.

உன்,
வால்


பிப்ரவரி 24

என் வாலுக்கு,

சளி போய்விட்டது. சீவல் வந்தது. உறையைப் பிரித்ததும் மேசையில் உருண்டு, மெழுகுப் பற்களின் வரிசைக்கு நடுவில் போய் நின்றது. பல் செட் செய்கிற வேலையில் ஒரு நிம்மதி உண்டு. யாருடைய வாய் என்று தெரியவே தெரியாது.

மரவேலைக் கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதே. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் மேசைகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மின்ரம்பம். சனிக்கிழமை மதியம் கூடுகிறோம். செயலாளர் எதையும் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் தொடங்குவார். ரம்பத்தைப் போடும் முன்பும் செருமுவார், அது சொல்வதைக் கேட்டு நடக்கும் என்பதுபோல.

பக்கத்து மேசை தையல்காரருடையது. நான் பல் செய்கிறவள் என்று தெரிந்ததுமே எனக்குப் 'பல்லக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்.

"உங்க வயசுக்கு நீங்க என்னை அக்காங்கறது நல்லாவா இருக்கு?" என்றேன்.

"பல்லுத் தங்கச்சின்னா வாயில நிக்க மாட்டேங்குதே" என்றார்.

கரண்டி தவிர வேறு எதுவும் அவர் செதுக்குவதில்லை. ஒரு காதில் பென்சில், இன்னொரு காதில் சிகரெட். சில சமயம் பென்சிலைப் பற்றவைக்கப் போவார். எண்ணெய் துடைக்கத் தன் கடையின் வெட்டுத்துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து போடுகிறவரும் அவர்தான்.

கடைசியாகக் கிளம்புவது நான் என்பதால் செயலாளர் ஒரு சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார். இந்த ஊரில் ஒருவர் என்னை நம்பிக் கொடுத்த முதல் பொருள். சனிக்கிழமை இல்லையென்றால், வாரம் முழுக்க என் குரலை நானே கேட்டிருக்க மாட்டேன்.

ஒற்றைக் கட்டில்தான் செய்கிறேன், எனக்கு மட்டும். அம்மாவிடம் சொல்லாதே.

தலைப்பலகையில் தண்ணீர் வேண்டும். அலை இல்லை. சும்மா போய்க்கொண்டிருக்கிற தண்ணீர். எப்படிச் செதுக்குவது?

அன்புடன்,
அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறாயா? பல் செய்கிறவள் மெல்லாமல் இருக்கக் கூடாது.

தண்ணீரைச் செதுக்கப் போகாதே. பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார். ரேகை ஏற்கெனவே எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். வளைந்த உளியை எடுத்து அதன் பின்னாலேயே போ. எதிர்த்துப் போனால் மரம் பிய்ந்து வரும். பிய்ந்தால் உளியைத் திருப்பிக்கொள், மரத்தோடு சண்டை போடாதே.

பலகையைக் கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கு. இரண்டு கையும் உளியின் கூர்முனைக்குப் பின்னால் இருக்க வேண்டும், எப்போதும். முடியைக் கொண்டை போட்டுக்கொள். ரம்பம் ஓடும்போது தையல்காரர் சொல்கிற ஜோக்குக்குச் சிரிக்காதே. ரம்பம் நின்ற பிறகு சேர்த்துச் சிரித்துக்கொள்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை மரவேலைக் கூட்டத்தில் ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார் என்று சொன்னேன் அல்லவா? அவருக்கு ஒரு விசேஷப் பைத்தியம். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணிகளை ஒவ்வொன்றாக உதறி, கொல்லைப்புறக் கம்பியில் காயப்போடுவார். ஒன்றுடன் ஒன்று ஒட்டக் கூடாது. ஒட்டினால் திட்டு. நான் அவருக்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

நேற்று ஒரு கனவு. நீ ஒரு பலகையில் படுத்துக்கொண்டு ஆற்றில் போகிறாய். கூப்பிட்டேன். தூங்குகிறாய் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.

உன்,
வால்


ஏப்ரல் 7

என் வாலுக்கு,

எல்லோரும் நலம். எல்லோரும் என்பது நானும் பலகையும்.

தண்ணீர் வந்துவிட்டது. நீ சொன்னபடி பின்னாலேயே போனேன். ஒரு முடிச்சு வந்த இடத்தில் அது தானாகவே சுழித்துக்கொண்டது. நான் ஒன்றும் செய்யவில்லை.

மாமியாரைப் பற்றித் தையல்காரரிடம் சொன்னேன். "எண்ணெய்த் துணிக்கு இஸ்திரியும் போடுவாரான்னு கேளுங்க" என்றார். வெகுநேரம் சிரித்தோம். ரம்பம் நின்றிருந்தது.

இந்தச் சனிக்கிழமை முதல் எண்ணெய். வறண்ட பலகையில் துணியை வைத்ததும் நிறம் உள்ளிருந்து எழுந்து வந்தது. தூக்கத்திலிருந்து ஒருவர் கண் விழிக்கிற மாதிரி. எல்லோரும் போய்விட்டார்கள். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கை நிறையத் துணி சேர்ந்தது. உருட்டி, மேசைக்கு அடியில் சீவல் போடுகிற தகர டப்பாவில் அமுக்கினேன்.

கிளம்பும்போது கைக்குட்டையைத் தேடி டப்பாவுக்குள் கையை விட்டேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு பூனை அதில் படுத்துத் தூங்கி, அப்போதுதான் எழுந்துபோன மாதிரி. கையை எடுக்க மனம் வரவில்லை. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அந்த மூலைக்கு வெயில் வராது. ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. இப்படி ஒரு வரி எழுதுகிறவள் நலமாகத்தான் இருப்பாள்.

'ஒரு பூனை அதில் படுத்துத் தூங்கி, அப்போதுதான் எழுந்துபோன மாதிரி.' தனித்தாளில் பெரிதாக எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிட்டேன். இரண்டு வருடமாக நான் ஆய்வேட்டில் சொல்ல முயல்வதை நீ ஒரு டப்பாவுக்குள் கையை விட்டுச் சொல்லிவிட்டாய். என் தோழிகள் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

இன்னும் எழுது. பூனை திரும்ப வந்ததா?

உன்,
வால்


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் இல்லை. போனில் அம்மாவிடம் நலம் என்று சொன்னாயாம். குரல் கம்மியிருந்தது என்கிறாள். மறுபடியும் சளியா?

நான் எழுதியதில் ஏதாவது பிசகா? கட்டிலைப் பற்றி இனி எதுவும் கேட்க மாட்டேன்.

சீவல் மட்டுமாவது அனுப்பு.

உன்,
வால்


ஜூன் 8

என் வாலுக்கு,

சளி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

கருகின மரத்தில் எண்ணெய் ஏறுமா?

உனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். கொட்டகையில் தீப்பிடித்தது. உனக்கு எழுதிய பிறகு வந்த சனிக்கிழமை. இரண்டாவது முறை எண்ணெய் போட்டுவிட்டு, போன தடவை போலவே பூட்டிக்கொண்டு வந்தேன். பின்வீட்டுக்காரர்கள் புகையைப் பார்த்துப் பூட்டை உடைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். யாருக்கும் காயமில்லை. எங்கள் பக்கத்து மேசைகள் போய்விட்டன. கூரை ஒரு பக்கம் சுருண்டுவிட்டது. என் தலைப்பலகை சுவரோரம் சாய்ந்திருந்ததால் தப்பியது. ஒரு ஓரம் மட்டும் கரி. தண்ணீர் ஓடிப்போய் அந்தக் கரிக்குள் விழுகிறது.

தையல்காரரைக் கிளப்பை விட்டு நீக்கிவிட்டார்கள். அன்றைக்குச் சிகரெட் பிடிக்கவே இல்லை என்று சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. காதில் எப்போதும் சிகரெட்டோடு இருக்கிறவர். "உங்ககிட்ட எத்தனை தடவ சொல்லியிருக்கேன், வெளிய போய்ப் பிடிங்கன்னு" என்றார் செயலாளர், செருமாமல். நான் பக்கத்தில்தான் நின்றேன். தையல்காரர் அன்று பிடித்ததைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை. பிடிக்கவில்லை என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் எதுவும் சொல்லவில்லை.

வாசலில் நின்று, "வரேன் பல்லக்கா" என்றார். அவ்வளவுதான்.

உறையில் உனக்குப் புகை வாசனை அடிக்கலாம். கொட்டகைக்குக் கொண்டுபோகிற பையில் இருந்த தாள்.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கருகின மரத்தைப் பற்றி டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். உதிர்கிற கரியைக் கம்பி பிரஷ்ஷால் ரேகையோடு தேய்த்து எடுக்க வேண்டுமாம். அடியில் கெட்டியாக ஒரு கறுப்பு வரும். அதில் எண்ணெய் ஏறும். மற்ற இடத்தைவிட அதிகமாகக் குடிக்கும். அந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிடாதே.

சும்மா ஒன்று கேட்கிறேன். அன்றைக்கும் துணிகளை அந்த டப்பாவில்தான் போட்டாயா? டப்பா எந்த மூலையில் இருந்தது?

அம்மா உன்னை வரச்சொல்கிறாள்.

உன்,
வால்


ஜூலை 6

என் வாலுக்கு,

வர முடியாது. வேலை நிறைய. ஊரெல்லாம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு என்னிடம் வருகிறது.

கம்பி பிரஷ் வாங்கினேன். நீ சொன்னது சரி. கரிக்கு அடியில் ரேகை மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கிறது. என் உளி போகாத இடத்துக்கெல்லாம் நெருப்பு போயிருக்கிறது.

இப்போது கொட்டகையின் மற்ற பாதியில் கூடுகிறோம். எதிரே ஒரு டீக்கடை. சனிக்கிழமை மதியம் தையல்காரர் அங்கே வந்து உட்காருகிறார். நாளிதழை விரித்து வைத்துக்கொள்கிறார். பக்கம் திருப்புவதே இல்லை. நாங்கள் ரம்பத்தைப் போட்டால் நிமிர்ந்து பார்க்கிறார். "அங்க பாரு, எதை எரிக்கலாம்னு பாக்கறாரு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே என்று பயம். என்ன தெரிந்துவிடும் என்று எனக்கே புரியவில்லை.

டப்பா என் மேசைக்கு அடியில்தான் இருந்தது. துணியும் அதில்தான் போட்டேன். அந்த இடத்தில்தான் தரை ரொம்பக் கருகியிருக்கிறது. ஏன் கேட்டாய்?

அக்கா


ஜூலை 30

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உட்கார்ந்து படி.

கருகின மரத்தைப் பற்றிக் கேட்ட அன்றே டிரைவர் அண்ணன் கேட்டார், "எப்படிப் பிடிச்சுதாம்?"

"சிகரெட்டாம்" என்றேன்.

"எண்ணெய்த் துணியை எங்க போட்டாங்க?"

உருட்டி டப்பாவில் போட்டதைச் சொன்னேன். கையில் இருந்த உளியைக் கீழே வைத்தார்.

"அந்த எண்ணெய் காயறப்போ சூடு வரும்மா. விரிச்சுப் போட்டா காத்துல போயிடும். உருட்டிப் போட்டா போக வழியில்லாம உள்ளயே ஏறும். ஏறி ஏறித் தானே பத்திக்கும். தீக்குச்சியே வேண்டாம். எங்க டிப்போல ஒரு கூடை அப்படித்தான் எரிஞ்சுது. அதுவரைக்கும் எனக்கும் தெரியாது."

"ஏண்ணே சொல்லவே இல்ல?"

"வாராவாரம் உன் கண்ணு முன்னாடிதானே தொங்கவிடறேன். நீதான் மாமியார்னு பேர் வெச்சே."

அக்கா, முதல் சனிக்கிழமை நீ தொட்டது அதுதான். அன்று ஏனோ அது பற்றிக்கொள்ளவில்லை. மறு வாரம் பற்றிக்கொண்டது. நடுவில் நீ எனக்கு எழுதினாய். வெதுவெதுப்பு என்று எழுதினாய். நான் அதைப் பெரிதாக எழுதி ஒட்டி, அழகு பார்த்தேன். 'இன்னும் எழுது' என்றேன்.

மேசைக்கு மேலே அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. கிழிக்கப் போனேன், கையை எடுத்துவிட்டேன்.

இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். உனக்குச் சனிக்கிழமையும் சாவியும் மிஞ்சியிருக்கும். ஆனால் டீக்கடையில் அவர் உட்கார்ந்திருப்பதை நீயே எழுதிவிட்டாய்.

என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். திட்ட வேண்டும் என்றால் நான் இங்கே இருக்கிறேன்.

உன்,
வால்


செப்டம்பர் 28

என் வாலுக்கு,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது. தலையணைக்கு அடியிலேயே இருந்தது. நீ அதில் எழுதியதை நான் நம்பவில்லை. நம்பாமல் இருக்க ஆசைப்பட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டைமாடிக்கு ஒரு டப்பாவை எடுத்துப் போனேன். அதே எண்ணெய், அதே மாதிரி துணி, அதே மாதிரி உருட்டி, மேலே சீவல். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். நிழலில் உட்கார்ந்துகொண்டேன். கொடியில் யாருடைய சேலையோ ஆடிக்கொண்டிருந்தது. அசந்து தூங்கிவிட்டேன். கண் விழித்துக் கையை விட்டேன். பூனை வந்திருந்தது. முதலில் அதே இதமான வெதுவெதுப்பு. அப்புறம் கை வைக்க முடியாத சூடு. பிறகு ஒரே ஒரு இழை புகை, நூல் மாதிரி, அவசரமே இல்லாமல் மேலே போனது. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? வாளியைக் கவிழ்த்தேன்.

ஈரக் கையோடு நேராகத் தையல் கடைக்குப் போனேன்.

"வாங்க பல்லக்கா. ரவிக்கையா, தலையணை உறையா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினிலிருந்து காலை எடுத்தார்.

"அப்போ நான் அன்னைக்குப் பிடிக்கலதானே?"

"இல்லண்ணே."

"நான்தான்னே நெனச்சுட்டேன். மொதல்ல சத்தியம் பண்ணேன். எல்லாரும் அவ்வளவு நிச்சயமா சொன்னாங்களா, அப்புறம் எனக்கே கண்ணுல தெரிய ஆரம்பிச்சுது. சிகரெட்ட சுண்டிவிடறேன். அது போய் உங்க மேசைக்கடியில விழுது. தினம் கனவு. ராவெல்லாம் அதைப் பொறுக்கப் போறேன், கைக்கு எட்ட மாட்டேங்குது." காதைத் தடவினார். பென்சில் மட்டும்தான் இருந்தது. "அன்னையிலேர்ந்து தொடறதில்ல."

ஈரக் கையை அங்கே கிடந்த வெட்டுத்துணியில் துடைத்தேன்.

"அப்போ இனிமே ஒண்ணு பிடிக்கலாமில்ல?" என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"கோபம் இருக்கு பல்லக்கா. எங்க வைக்கறதுன்னு தெரியல. கொஞ்ச நாள் போகட்டும்."

அந்தச் சனிக்கிழமை கொட்டகையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். செயலாளர் செருமினார். செருமிக்கொண்டே இருந்தார். "அவருகிட்ட நாங்க என்னன்னு போய்ப் பேசறது?" என்றார் கடைசியில். அதை என்னிடம் கேட்டாரா, தன்னிடமே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை. சாவியை மேசைமேல் வைத்தேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கிளம்பும்போது அவர் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம் வரலாமா என்று நான் கேட்கவில்லை.

நேற்று போனேன். கதவு திறந்திருந்தது. டீக்கடையில் தையல்காரர் இல்லை. கொட்டகையிலும் இல்லை. காலையிலேயே வந்து செயலாளரிடம் எதையோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் மேசையில் ஒரு கட்டு வெட்டுத்துணி. பிரித்தேன். ஒவ்வொரு துணிக்கும் ஓரம் மடித்துத் தைத்திருந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு காது வைத்திருந்தது, ஆணியில் தொங்கவிட. அத்தனை துணிக்கும்.

செயலாளர் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளிச்சுவரில் வரிசையாக ஆணி அடிக்கப் போனார். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன். அவர் ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்து இடைவெளி விட்டு அடித்தார். தையல்காரர் வருவாரா என்று கேட்டேன். "வருவேன்னு சொல்லல. வரமாட்டேன்னும் சொல்லல" என்றார்.

கட்டில் முடிந்துவிட்டது. இன்று அதில் படுப்பேன். கரி ஓரம் சுவர்ப் பக்கம் இல்லை, என் கை படுகிற பக்கம். அம்மாவிடம் நானே சொல்கிறேன்.

ஒரு துணி உனக்கும் உறையில் வைத்திருக்கிறேன். அந்தத் தாளைக் கிழிக்காதே.

அன்புடன்,
அக்கா

*

தங்கை அன்று பதில் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனாள். டிரைவர் அண்ணன் செய்துகொண்டிருந்த முக்காலிக்கு அக்கா அனுப்பிய துணியால் எண்ணெய் தேய்த்துக் கொடுத்தாள். எல்லோரும் கிளம்பிய பிறகு கொல்லைப்புறம் வந்து, துணியை இரண்டு முறை உதறி, காதைப் பிடித்து, கம்பி கட்டியிருந்த ஆணியில் மாட்டினாள்.